மேடு என்று நினைத்து நிரவிய கோட்டைக்கரை

2013 ஆகஸ்டில், வேல்ஸின் வடகிழக்கு ஓரத்தில் சர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு நிலத்தில் கிடந்த மண்மேட்டை இயந்திரம் வைத்து நிரவினார்கள். குதிரை லாயம் கட்ட இடம் வேண்டியிருந்ததாம். சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு மேடும் பள்ளமும் ஒன்றாகித் தரை சமமாயிற்று. சொந்த நிலத்தில் இருக்கும் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளுவது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

ஆனால் நிரவப்பட்டது ஓஃபா கரையின் ஒரு துண்டு. எட்டாம் நூற்றாண்டில், இன்றைய நடு இங்கிலாந்தில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட ஓஃபா மன்னனின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே குன்றேறி இறங்கி ஓடும் மண்கரை அது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புகழ்பெற்ற தொல்கல்வட்டத்தின் நடுவே ரோடு போட்டது மாதிரி இருக்கிறது என்று கொதித்தார்கள். போலீஸ் விசாரித்தது. கடைசியில் வழக்கே போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அப்போது நடப்பில் இருந்த 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி, சேதப்படுத்தியதை நிரூபித்தால் போதாது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தெரிந்தேதான் சேதப்படுத்தினார் என்றும் நிரூபிக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால், இல்லை, உனக்குத் தெரியும் என்று காட்டுவது அரசுத் தரப்பின் வேலை. ஒருவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவது?

மண்ணால் ஆன கோட்டைகளின் முழுச் சிக்கலும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். கல்கோட்டையை இடிக்கிறவருக்குத் தான் இடிப்பது கோட்டை என்று தெரியும். கண் முன்னால் மதில் நிற்கிறது. மண்கோட்டைக்கு அந்த வசதி இல்லை. புல் மூடிவிட்டால் அது வெறும் மேடு. அகழி தூர்ந்துவிட்டால் அது ஒரு தாழ்ந்த வரப்பு மாதிரி. பார்த்தவுடன் மரியாதை வரவழைக்கிற தோற்றம் அதற்குக் கிடையாது. அதனால் இதைக் காப்பாற்றுகிற வேலை, இது என்ன என்று சொல்லிக்கொடுப்பதில் தொடங்குகிறது. சட்டமெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

கடல் முதல் கடல் வரை

ஓஃபா 757 முதல் 796 வரை ஆண்டவன். ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே இங்கிலாந்தின் பெரும்பகுதி அவன் சொல் கேட்டது. பிராங்கு மன்னன் சார்லமேன் அவனைச் சகோதரன் என்று விளித்துக் கடிதம் எழுதியிருக்கிறான். பாக்தாத் கலீபாவின் பொற்காசைப் பார்த்து, அரபு எழுத்துகளை அப்படியே நகலெடுத்து, நடுவில் தன் பெயரைப் பொறித்து ஓஃபா வெளியிட்ட தங்கக்காசு ஒன்று இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் கையை நீட்டிய மன்னன்.

ஆனால் கரையைக் கட்டியது அவன்தான் என்பதற்குக் கையில் இருக்கும் பழைய எழுத்துச் சான்று ஒரே ஒரு வாக்கியம்தான். அவன் இறந்து சுமார் நூறு ஆண்டு கழித்து, 893இல், ஆசர் என்ற வேல்ஸ் துறவி எழுதியது. வேல்ஸுக்கும் மெர்சியாவுக்கும் நடுவே கடல் முதல் கடல் வரை ஒரு பெருங்கரை எழுப்பச் சொன்ன மன்னன் என்று ஓஃபாவைக் குறிப்பிடுகிறார். கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது, கணக்கு வழக்கும் கிடையாது.

1920களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் சிரில் ஃபாக்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் இந்தக் கரையை நடந்தே அளந்தார். தெற்கே செவர்ன் ஆற்று முகத்துவாரத்திலிருந்து வடக்கே அயர்லாந்துக் கடல் பக்கம் வரை, கோடு கிட்டத்தட்ட 240 கி.மீ. போகிறது. அதில் சுமார் 130 கி.மீ. நீளத்துக்குத்தான் மேடு தெரிந்தது. இடைவெளிகள் எல்லாம் அந்தக் காலத்தில் அடர்ந்த காடாக இருந்திருக்கும், காடே வேலியாகப் போதும் என்று விட்டிருப்பார்கள் என்றார். பிறகு டேவிட் ஹில், மார்கரெட் வொர்திங்டன் இருவரும் பல ஆண்டுகள் தோண்டிப் பார்த்து, தொடர்ச்சியாக உண்மையில் கட்டப்பட்டது நடுப்பகுதியில் உள்ள சுமார் 103 கி.மீ.தான் என்று வாதிட்டார்கள். இந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஒரு கரையின் நீளமே இவ்வளவு வாதத்துக்கு இடம் தருகிறது என்றால், மீதி இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சாட்சி.

கரையின் அமைப்பு எளிது. மேற்கே, வேல்ஸ் பக்கம், அகழி. தோண்டிய மண்ணைக் கிழக்கே வாரிப் போட்டுக் கரை. நன்றாக மிஞ்சியிருக்கும் இடங்களில் கரையும் அகழியும் சேர்ந்து 20 மீட்டர் அகலம் வரும், கரை இரண்டு இரண்டரை மீட்டர் உயரம் நிற்கும். நாற்பது, ஐம்பது தலைமுறை மழையில் கரைந்து, அகழி பாதி தூர்ந்த பிறகு இது. கட்டிய புதிதில், அகழிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தவனுக்குச் செம்மண்ணும் களிமண்ணுமாக ஒரு சுவர் எதிரே எழுந்திருக்கும்.

ஏரிக்கரையில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுமானம் உடனே புரியும். பள்ளத்து மண்ணே மேட்டுக்கு. கல் கொண்டுவர வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். மண்வெட்டி, கூடை, ஆள் பலம் போதும். ஆள் பலத்துக்கு மெர்சிய மன்னர்களிடம் வழி இருந்தது. நிலம் தானமாகக் கொடுத்து எல்லா வரியிலிருந்தும் விலக்கு அளித்தாலும், பாலம் கட்டவும் கோட்டை கட்டவும் ஆள் அனுப்பும் கடமையிலிருந்து மட்டும் யாருக்கும் விலக்கில்லை என்று எட்டாம் நூற்றாண்டு ஆவணங்கள் சொல்கின்றன. ஊர் ஊராக ஆட்கள் வந்து, ஆளுக்கு இவ்வளவு அடி என்று பங்கு பிரித்து வெட்டியிருப்பார்கள். சில இடங்களில் கரையின் போக்கு திடீரென்று கொஞ்சம் கோணுவதும், கனம் மாறுவதும் அப்படிப் பங்கு மாறிய இடங்களாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

கோடு போட்டவருக்கு நிலம் தெரிந்திருக்கிறது. குன்றின் உச்சியில் போடாமல், மேற்குச் சரிவில் சற்றுக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறார். அங்கே நின்றால் வேல்ஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் வரும். கீழே இருந்து வருபவனுக்கோ கரை வானத்தில் கோடு கிழித்த மாதிரி தெரியும்.

எதற்காகக் கட்டினார்கள்? போர் அரண் என்பது பழைய விளக்கம். ஆனால் 100 கி.மீ. கரை முழுக்கக் காவல் வைக்க எந்த மன்னனிடமும் படை இருந்திருக்காது. கரையை ஒட்டிக் காவல் கோட்டைகளும் கிடைக்கவில்லை. எல்லைக்கோடு என்பது இன்னொரு விளக்கம். மாடு ஓட்டிக்கொண்டு போகும் கொள்ளையைத் தடுக்க என்பது வேறொன்று. கையில் ஈட்டியோடு ஓர் ஆள் இந்தக் கரையை ஏறிக் கடந்துவிடலாம், ஆனால் திருடிய ஐம்பது மாட்டை ஓட்டிக்கொண்டு இரவில் கடப்பது லேசல்ல. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கிறது, ஆனால் இது மட்டுமே காரணமாக இருந்திருக்காது. பார்க்கிற எவரையும் இது யாருடைய நாடு என்று ஒரு கணம் நினைக்க வைப்பதும் அரண்தானே. 12ஆம் நூற்றாண்டில் சாலிஸ்பரி ஜான் என்ற அறிஞர், ஆயுதத்தோடு கரையைத் தாண்டி வந்த வேல்ஸ்காரனின் வலது கையை வெட்ட, 11ஆம் நூற்றாண்டின் ஆங்கில மன்னன் ஹரால்ட் ஆணையிட்டிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஓஃபா போய் முந்நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கோடு அச்சமூட்டும் கோடாகவே இருந்திருக்கிறது.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

வெறும் மண்தானே, மேலே ஒன்றும் இல்லையே, போனால் மறுபடி குவித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்ல, கரையின் குறுக்குவெட்டை ஒரு முறை கிட்டப் பார்க்க வேண்டும்.

கரையின் குறுக்கே நேராக ஒரு வெட்டுப் போட்டால், அடியில் கன்னங்கரேலென்று ஒரு மெல்லிய கோடு ஓடும். அது பழைய தரை. கரை கட்டத் தொடங்கிய அன்று எந்தப் புல் எந்த உயரத்தில் இருந்ததோ, அது அப்படியே மண்ணுக்கடியில் நசுங்கிக் கிடக்கும். அதில் மகரந்தம் இருக்கும். அன்றைக்கு அங்கே காடு இருந்ததா, மேய்ச்சலா, கோதுமை வயலா என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். அதற்கு மேலே புல்லோடு வெட்டி எடுத்த மண்கட்டிகளைத் தலைகீழாக அடுக்கிய அடுக்கு தெரியும். ஒவ்வொரு கட்டியிலும் கறுப்பும் பழுப்பும் மாறி மாறி வரும். அதற்கும் மேலே, அகழியின் ஆழத்திலிருந்து வந்த சரளையும் களிமண்ணும். அதாவது, தோண்டிய வரிசை தலைகீழாகக் கரையில் பதிந்திருக்கும்.

புல்கட்டியில் உள்ள கரிமத்தை வைத்து அது எந்த நூற்றாண்டில் வளர்ந்தது என்று கணக்கிடலாம். மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்றும் இப்போது அளக்க முடிகிறது. ஓஃபா கரைக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட இணையாக ஓடும் வாட் கரையை இந்த முறையில் பார்த்தபோது, அது ஓஃபாவுக்குப் பிந்தையதாக, ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியதாகத் தெரிந்தது. அதுவரை அதை ஓஃபாவுக்கு முந்தையது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் சர்க். இயந்திரம் விட்ட அதே வட்டாரத்தில் க்ளூயிட்–பவிஸ் தொல்லியல் அறக்கட்டளை தோண்டி எடுத்த மாதிரிகளின் முடிவு 2014இல் வந்தது. கரைக்குள் அடுக்கியிருந்த புல்கட்டிகள் 430க்கும் 652க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டின. ஓஃபா பட்டத்துக்கு வந்ததே 757இல். பழைய புல்லை வெட்டிப் போட்டால் பழைய தேதிதான் வரும், ஆகவே இதை மட்டும் வைத்துக் கரை அவனுக்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் கேள்வி பெரிதாகிவிட்டது. பல தலைமுறை சேர்ந்து துண்டு துண்டாகக் கட்டியதை ஓஃபா இணைத்திருப்பானோ? இதற்குப் பதில் எந்த நூலகத்திலும் இல்லை. கலையாமல் இருக்கும் மண்ணில் மட்டும்தான் இருக்கிறது. நிரவிய மண்ணைத் திரும்பக் குவித்தால் உருவம் வரும், அந்த வரிசை வராது.

இதே எல்லைப் பகுதியில், மான்ட்கோமரி ஊருக்கு வெளியே ஹென் டோமன் என்று ஓர் இடம். வேல்ஸ் மொழியில் பழைய மேடு என்று பொருள். 1070களில் நார்மன் பிரபு ரோஜர், செவர்ன் ஆற்றின் துறையைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டை. கோட்டை என்றதும் கல்மதிலை நினைக்கக்கூடாது. கூம்பு மாதிரி ஒரு மண்குன்று, பக்கத்தில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம், மேலே எல்லாம் மரம். மரம் மக்கி மண்ணோடு போயிற்று. 1960இல் ஃபிலிப் பார்க்கர் அங்கே தோண்டத் தொடங்கி, வேலை முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. மண்வெட்டியை ஓரம் வைத்துவிட்டு, சிறு கரண்டியாலும் தூரிகையாலும் அடுக்கடுக்காகச் சுரண்டினார்கள். மரத்தூண் நின்ற குழி, சுவர் அழுத்திய தடம், வாசல் மாறிய சுவடு என்று மண்ணின் நிற வேறுபாட்டை மட்டும் வைத்து, ஒரு கோட்டை எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கட்டப்பட்டது என்று படித்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடைத்தது. கோட்டை வருவதற்கு முன்னால் அங்கே உழுத வயலின் மேடு பள்ளங்கள். கோட்டை மண் மேலே விழுந்து மூடியதால்தான் அந்த உழவுத்தடம் ஒன்பது நூற்றாண்டு தப்பித்தது.

எது அழிக்கிறது

சர்க் மாதிரி ஒரே நாளில் போவது அபூர்வம். பெரும்பாலும் அழிவு மெதுவாக, யாரும் கெட்ட எண்ணம் வைக்காமல் நடக்கிறது.

முதலில் ஏர். ஒவ்வோர் ஆண்டும் கலப்பை சரிவில் ஒரு விரற்கடை மண்ணைச் சீவிக்கொண்டு போகிறது. ஒரு மனித ஆயுளில் கரை வயலோடு வயலாகிவிடும். இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னமாகவே இருந்தாலும், முன்பிருந்தே சட்டப்படி உழுது வந்த இடம் என்றால் அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழத் தனி அனுமதி தேவையில்லை என்று 1994இல் வந்த ஆணை சொல்கிறது. விவசாயியின் பிழைப்பை நினைத்துச் செய்த ஏற்பாடு, புரிகிறது. ஆனால் கரை மெலிய மெலிய, அதே ஆழம் என்பது ஒவ்வோர் ஆண்டும் பழைய தரைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது. சட்டத்தில் எழுதியிருக்கும் ஆழம் மாறவில்லை, கரைதான் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த விதியை நான் ஏற்கமாட்டேன். நஷ்ட ஈடு கொடுத்து அந்தத் துண்டுகளைப் புல்வெளியாக விடச் சொல்வதே சரி.

மாடு இன்னொன்று. ஆடு மேய்வது கரைக்கு நல்லது, புல்லைக் கட்டையாக வைத்திருக்கும், முள்செடி வளரவிடாது, குளம்பும் லேசு. மாடு அப்படியல்ல. மழைக்காலத்தில் தீனித்தொட்டியைக் கரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், நாற்பது மாடு அதைச் சுற்றி நின்று மிதித்து, ஒரே பருவத்தில் சரிவைச் சேறாக்கிவிடும். தொட்டியை ஐம்பது அடி தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மரம் பார்க்க அழகு. வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று நம்புகிறோம், ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கரை மேல் வளர்ந்த முதிய மரம் புயலில் சாய்ந்தால், வேர்த்தட்டோடு கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். அங்கே எட்டாம் நூற்றாண்டு அடுக்கு எதுவும் மிஞ்சாது. பிராக்கன் என்ற காட்டுப் பெரணியின் கிழங்குவேர்கள் மேலே தெரியாமல் உள்ளே வலை பின்னுகின்றன.

வளை தோண்டும் விலங்குகள் விஷயம்தான் மிகவும் இக்கட்டு. பேட்ஜர் என்று ஒரு விலங்கு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முகம், நரியை விடக் கனம். தளர்ந்த, வடிகாலுள்ள மண்சரிவு அதற்கு மிகவும் பிடிக்கும். அதாவது, கோட்டைக்கரையைவிட நல்ல வீடு அதற்குக் கிடைக்காது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வளை தோண்டி, கரைக்குள்ளிருந்து மண்ணை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். விரட்டலாமென்றால் 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. உரிமம் இல்லாமல் வளையைத் தொடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட விலங்கு பாதுகாக்கப்பட்ட கரையைத் தோண்டுகிறது, இரண்டு பக்கமும் சட்டம். உரிமம் வாங்கி, விலங்கு வெளியே போகும்படி ஒருவழிக் கதவு வைத்து, பிறகு கம்பிவலை போர்த்தி மூடுவார்கள். வேறு இடத்தில் அதற்கு வீடு கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கரையை நேசித்து வருபவர்களின் காலடி. 1971 ஜூலையில் நைட்டன் ஊரில் வைத்து ஓஃபா கரை நடைபாதையைத் திறந்தார்கள். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவின் தலைவர் ஜான் ஹண்ட் திறந்துவைத்தார். 285 கி.மீ. பாதை. நைட்டனின் வேல்ஸ் பெயர் ட்ரெஃப்-இ-க்ளாத், கரை ஊர் என்று அர்த்தம். பாதை முழுக்கக் கரை மேல் போவதில்லை, ஆனால் போகும் இடங்களில் கரை முதுகில் புல் தேய்ந்து, மண் தெரிந்து, மழை நீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. அதற்காக யாரையும் நடக்காதே என்று சொல்ல மாட்டேன். நடந்தவர்களுக்குத்தான் இது கரை என்று தெரிகிறது.

சட்டம் திருந்திய விதம்

பிரிட்டனில் தொல்சின்னங்களுக்கான முதல் சட்டம் 1882இல் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல். பட்டியலில் ஏறிய சின்னம் என்ற வழக்கு அங்கிருந்து வந்ததுதான். பட்டியலில் ஏறினால் நிலம் அரசுடையதாகிவிடாது. உரிமையாளர் உரிமையாளராகவே இருப்பார், ஆனால் அதில் கை வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். ஓஃபா கரையின் பெரும்பகுதி தனியார் விளைநிலங்களுக்குள் கிடக்கிறது. எல்லாத் துண்டும் பட்டியலில் ஏறவும் இல்லை. இன்றைய எல்லை கரையோடு சில இடங்களில்தான் ஒத்துப்போகிறது. அதனால் ஒரே கரை வேல்ஸுக்குள் காடு என்ற அமைப்பின் பொறுப்பிலும், இங்கிலாந்துக்குள் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பொறுப்பிலும் வருகிறது. (காடு என்பது வேல்ஸ் மொழியில் காப்பது என்ற சொல். நம் காடு அல்ல.)

சர்க் சம்பவத்துக்குப் பின், தெரியாது என்ற பதிலை இவ்வளவு எளிதாக விடக்கூடாது என்ற குரல் வேல்ஸில் வலுத்தது. 2016இல் வேல்ஸ் சட்டமன்றம் கொண்டுவந்த வரலாற்றுச் சூழல் சட்டம் அந்த இடத்தைத் தொட்டது. தெரிந்திருந்தால் மட்டும் குற்றம் என்பது போய், தெரிந்திருந்தாலோ, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாலோ குற்றம் என்று ஆயிற்று. அனுமதியின்றி வேலை செய்துவிட்டுத் தெரியாது என்பவர், தெரிந்துகொள்ள நியாயமான முயற்சிகளையெல்லாம் எடுத்தேன் என்று காட்ட வேண்டும். ஒரு சின்னத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் இடைக்காலத்திலேயே அதற்குத் தற்காலிகப் பாதுகாப்பும் கிடைத்தது. முன்பெல்லாம் அந்த இடைவெளியில் அவசர அவசரமாக இடிக்க வழியிருந்தது. இந்த விதிகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிய புதிய சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால், தெரிந்துகொள்ள வழியும் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள சின்னங்களின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டும் வரைபடம் இப்போது இணையத்தில் எல்லாருக்கும் இலவசம். நிலம் வாங்குபவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த வரைபடம்தான் சட்டத்தின் பல். அது இல்லாமல் இந்தத் திருத்தத்தை எந்த நீதிமன்றமும் மனசார அமல்படுத்தியிருக்க முடியாது.

சட்டம் இருந்தும் ஊர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் பெனின் நகரைப் பார்க்கலாம். எடோ மக்கள் தங்கள் மண்ணரண்களை இயா என்கிறார்கள். அளவில் ஓஃபா கரை அதற்குப் பக்கத்தில் வர முடியாது. நகரைச் சுற்றிய உள்வட்டம் 11 கி.மீ.க்கு மேல். 1960களின் தொடக்கத்தில் கிரகாம் கோனா அளந்தபோது, அகழியின் அடியிலிருந்து கரை உச்சி வரை 17 மீட்டருக்கு மேல் வந்தது. அதாவது, ஐந்து மாடிக் கட்டடம். நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்தால், அந்த ஒரு வட்டத்தைத் தோண்ட 5,000 பேருக்கு ஒரு வறண்ட பருவம் முழுவதும் பிடித்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஊர் மரபு இந்த வேலையை 13ஆம் நூற்றாண்டின் ஓகுவோலா, 15ஆம் நூற்றாண்டின் எவுவாரே ஆகிய மன்னர்களோடு சேர்த்துச் சொல்கிறது. நகருக்கு வெளியே காட்டுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கரைகளையெல்லாம் பல ஆண்டுகள் நடந்து வரைபடமாக்கிய பேட்ரிக் டார்லிங், மொத்த நீளம் 16,000 கி.மீ. இருக்கும் என்று மதிப்பிட்டார்.

1897இல் பிரிட்டிஷ் படை பெனினைச் சூறையாடி, வெண்கலச் சிற்பங்களை அள்ளிக்கொண்டு போனது. சிற்பங்களைத் திரும்பக் கேட்கும் குரல் இன்று உலகம் முழுக்கக் கேட்கிறது. இயாவை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, அது அங்கேயே இருக்கிறது. ஆனால் வீடு கட்ட அந்தச் செம்மண்ணை வெட்டுகிறார்கள். அகழியில் குப்பை கொட்டுகிறார்கள். நகரத்தின் மழைநீரை அதற்குள் திருப்பிவிட, அரிப்பு கரையைத் தின்கிறது. தேசியச் சின்னம் என்ற அறிவிப்பு உண்டு. 1995 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நகரம் பெருத்து, வீட்டுக்கு இடமில்லாமல் இருப்பவரிடம் பள்ளத்தைக் காப்பாற்று என்று சொல்வதற்கு முன், குப்பை அள்ளவும் மழைநீர் வடியவும் வேறு வழி செய்துகொடுக்க வேண்டும். இயாவைக் காப்பாற்றுவதில் பாதி, நகராட்சி வேலை.

ஜெர்மனியின் வடக்கு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் டேனவிர்க் கரைக்கு நல்ல காலம். டேனிஷ் மன்னர்கள் கட்டிய சுமார் 30 கி.மீ. அரண், எல்லை மாறியதால் ஜெர்மனிக்குள் மாட்டிக்கொண்டது. 2018இல் பக்கத்து வைக்கிங் நகரமான ஹெடபியோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கரையோரம் இருக்கும் அருங்காட்சியகத்தை அங்குள்ள டேனிஷ் சிறுபான்மையினர் நடத்துகிறார்கள். எதிராளியைத் தடுக்கக் கட்டிய கரையை, எதிராளியின் நாட்டுக்குள் இருந்துகொண்டு தங்கள் முதுசொம்மாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வேல்ஸ்காரர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. தங்களைத் தள்ளி வைக்கப் போட்ட கரையைச் சொல்லி, க்ளாத் ஓஃபாவுக்கு, அதாவது ஓஃபா கரைக்கு, அந்தப் பக்கம் என்றுதான் இங்கிலாந்தைக் குறிக்கிறார்கள்.

ஒரு காயத்தை ஆற்றும் வேலை

நைட்டனில் 1969 முதல் ஓஃபா கரைச் சங்கம் என்று ஓர் அமைப்பு இயங்குகிறது. ஃபிராங்க் நோபிள் என்ற ஆசிரியர் தொடங்கியது. பாதைக்காகப் போராடியதும் அவர்கள்தான், இன்று பாதையால் வரும் தேய்மானத்தைக் கவனிப்பதிலும் கை கொடுக்கிறார்கள். இந்த வேலையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பெரிய இயந்திரம் வந்தால் அதுவே சேதம்.

கரைச் சரிவில் ஒரு காயம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடு மிதித்ததோ, முயல் வளை இடிந்ததோ, மூன்று மீட்டர் அகலத்துக்கு மண் தெரிகிறது. முதலில் அளந்து படம் எடுத்து, தெரியும் அடுக்குகளைப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு காயத்தின் மேல் நெய்த துணி ஒன்றை விரிப்பார்கள். பழைய மண் எங்கே முடிகிறது, இன்று போட்ட மண் எங்கே தொடங்குகிறது என்று நாளைக்குத் தோண்டுகிறவருக்குத் தெரிய வேண்டும், அதற்காக. அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண், கையால் அடுக்கி, காலால் மிதித்து இறுக்கியது. கரையின் மண்ணையே வெட்டி அடைக்கக்கூடாது. மேலே புல்பத்தைகளைச் செங்கல் வைக்கிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி வைத்து, மரமுளை அடித்து நிறுத்துவார்கள். சுற்றிலும் தற்காலிக வேலி. வேலிக்கால்கள் கரைக்குள் இறங்கக்கூடாது, தள்ளித்தான் நட வேண்டும்.

புல் வேர் பிடிக்க இரண்டு பருவம் ஆகலாம். அதுவரை பாதை கீழே இறங்கி வயலோரமாகச் சுற்றிப் போகும். திருப்பத்தில் ஒரு சின்னப் பலகை, ஏன் சுற்றிப் போகச் சொல்கிறோம் என்று இரண்டு வரி. நடப்பவர்கள் நின்று, அதைப் படித்துவிட்டு, தலையைத் தூக்கி மேட்டைப் பார்க்கிறார்கள்.